மறுபடி கேட்காதே என்று டிக் போடும் முன்

அன்புள்ள கயல்,

கணினியில் வேலை நடுவே குதித்து வந்து கேள்வி கேட்கும் பெட்டிகளை மொத்தமாக நிறுத்த எங்கே போகவேண்டும் என்று கேட்டிருந்தாய். அப்படி ஓர் இடம் கிடையாது. இருந்தாலும் உனக்குக் காட்டமாட்டேன்.

பெட்டிகள் தொல்லைதான். மெக்கின்டாஷ் திட்டத்தை ஆப்பிளில் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000-இல் எழுதிய 'தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்' நூலை வாய்ப்புக் கிடைத்தால் படி. நான் அடிக்கடி எடுத்துப் புரட்டும் புத்தகம். ஒரே கேள்வியை ஓயாமல் கேட்டால் 'ஆம்' என்பதும் கைப்பழக்கமாகிவிடும், அப்புறம் அந்தக் கேள்வியால் பயனில்லை, செய்ததைத் திருப்பிக்கொள்ள வழி வைப்பதே மேல் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

விண்டோஸின் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டியையே எடுத்துக்கொள். அழிக்கவா என்று கேட்கும் பெட்டி விண்டோஸ் 7 வரை தானாகவே வந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதை நிறுத்தியே கொடுத்தது. நல்ல முடிவு. தொட்டியில் கிடப்பதை எப்போதும் எடுத்துக்கொள்ளலாமே, கேள்வி எதற்கு? வேண்டுமென்பவர்கள் தொட்டியின் பிராப்பர்ட்டீஸில் டிக் போட்டு அதைத் திரும்ப வரவழைக்கலாம். ஆனால் பென் டிரைவில் இருக்கும் கோப்பை அழித்தால் அது பொதுவாகத் தொட்டிக்கே போகாது, ஒரேயடியாகப் போய்விடும். ஷிஃப்ட்டோடு டெலிட்டை அழுத்தினாலும் அதே கதி. அப்போது வரும் பெட்டி பார்வைக்குப் பழையதுபோலவே இருக்கும், 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல்தான் வித்தியாசத்தைக் காட்டும். அந்த ஒரு சொல்லைப் படிக்க மாணவர்களான உங்களுக்குப் பொறுமை இல்லை. எண்டரைத் தட்டிவிட்டு, "சார், ப்ராஜெக்ட் காணோம்!"

ஆகவே, திரும்பி வர வழியுள்ள இடத்தில் மட்டும் பெட்டியை நிறுத்து.

நிறுத்தாமலே தீர்க்கவும் முடியும். லிப்ரெஆபிஸில் டாக்எக்ஸாகச் சேமிக்கும்போதெல்லாம் எந்த வடிவம் என்று கேட்கிறதே, அங்கேயே டிக்கை எடுத்தால் எல்லா வடிவங்களுக்கும் எச்சரிக்கை போய்விடும். அதைவிட, டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே லோட்/சேவ் பகுதியின் ஜெனரல் பக்கத்துக்குப் போய், எப்போதும் டாக்எக்ஸாகவே சேமி என்று மாற்றிவை. டாக்எக்ஸுக்குக் கேள்வி வராது, தவறி ஆர்டிஎஃப்பாகச் சேமிக்கப் போனால் மட்டும் கேட்கும். படங்களுக்கான கிம்ப்பிலும் பெட்டிகளின் இயல்புநிலையை இப்படி மாற்றிவைக்க டயலாக் டிஃபால்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. பிழைச்செய்தி வந்தால் திரையை மொபைலில் கோணலாகப் படமெடுத்து அனுப்பாதே. விண்டோஸின் வழக்கமான செய்திப் பெட்டி என்றால், அது திறந்திருக்கும்போதே கன்ட்ரோல்-சி அழுத்து. உள்ளிருக்கும் வாசகம் அப்படியே நகலாகிவிடும், அதை அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்