கருங்காலியும் அதன் உறவினரும்

யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதமேறித் தெஹிவளைக்கும் வெள்ளவத்தைக்கும் வரும் நம் பழைய மாணவர் பலர் வவுனியாவைக் கடந்ததும் உறங்கிவிடுவர். விழித்திருப்போர்க்கு வழிநெடுகத் தாவரவியற் பாடமொன்று உண்டு. மாகோ வரையில் உலர்ந்த காடு. பொல்காவலைக்குப் பின் செழும் பசுமை. ஆண்டுமழை 1,750 மில்லிமீற்றரிற் குறைந்த நிலம் உலர்வலயம். 2,500 மில்லிமீற்றரை மிஞ்சிய நிலம் ஈரவலயம். நாம் ஒரே பகலில் ஒன்றைவிட்டு மற்றொன்றை அடைகின்றோம். மரங்களுக்கு அஃது எளிதன்று.

டயோஸ்பைரஸ் என்னும் சாதியை நோக்குக. கருங்காலி, வக்கணை, பனிச்சை ஆகிய மூன்றும் அச்சாதியின் இனங்களே. வலைகளுக்குச் சாயமூட்டப் பனிச்சங்காயை இடித்த கதையைக் கரையோர ஊர்களிற் பிறந்தோர் முதியோர்வாய்க் கேட்டிருப்பர். இலை தன் நுண்ணிய வாய்களால் ஓயாது நீரை இழப்பது. மழையற்ற மாதங்களில் அவ்விழப்பை ஈடுசெய்வது எவ்வாறு? வக்கணை இலைகளை உதிர்த்துவிடுகின்றது. பனிச்சை ஆற்றோரத்தையும் நீரோடைக் கரையையும் நாடி நிற்கின்றது. கருங்காலியோ தோல்போற் தடித்த இலைகளுடன் ஆண்டு முழுவதும் பசுமையாய் நின்று வறட்சியைத் தாங்குகின்றது. அதன் வளர்ச்சி மிக மெதுவானது. நீரில் அமிழுமளவு கனத்த அக்கரிய வைரம் அவ்வளவு நீண்ட காலத்திற் சேர்ந்ததே.

நான்காவது உறவினர் கலமாந்தர். சிங்களத்திற் கலுமெதிரிய என்பர். கபில நிற வைரத்திற் கரிய கோடுகள் ஓடும் அம்மரம் இலங்கைக்கே உரியது. தென்மேற்குத் தாழ்நில மழைக்காடுகளை விட்டு அகல்வதில்லை.

ஏனைய மூன்றும் இந்தியாவிலும் வளர்வன. ஆதலின், இப்பிரிவு முழுவதும் இத்தீவிலேயே நிகழ்ந்ததென்று மாணவர் எழுதிவிடலாகாது. பிரிவு நிகழும் முறையைக் காண்பதற்குப் பசிபிக் சமுத்திரத்து நியூ கலிடோனியாத் தீவு சிறந்த இடம். ஏறக்குறைய 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்றடைந்த இச்சாதி மூதாதையொன்றின் வழிவந்தவை இருபதுக்கு மேற்பட்ட இனங்கள். அவற்றின் பரம்பரையலகு வேறுபாடு சிறிது. அவை வாழும் மண்ணின் வேறுபாடும் மழையின் வேறுபாடும் பெரிது. வறண்ட சரிவில் விழுந்த வித்துகளுள் வறட்சி தாங்கும் நாற்றுகளே எஞ்சும். ஈரப் பள்ளத்திலோ நிழலில் விரைந்து உயர்வன எஞ்சும். மழைக்கேற்பப் பூக்கும் பருவமும் மாறிவிடின் ஒன்றன் மகரந்தம் மற்றொன்றைச் சேராது. இவ்வாறு பல்லாயிரம் தலைமுறைகள் கழிய, ஒரு குடி பலவாகின்றது. இதனையே இசைவாக்கத்தால் நிகழும் கூர்ப்பு என்கின்றோம்.

இவ்வாறு ஓரிடத்து மழைக்கெனவே அமைந்துவிட்ட மரம், அவ்விடம் அழியின் வேறிடம் பெயர இயலாது. கலமாந்தரை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தளபாடங்களுக்காக வெட்டித் தள்ளினர். 1859இல் இலங்கையைப்பற்றி நூலெழுதிய எமர்சன் டெனன்ற், அது மிக அரிதாகிவிட்டதென அன்றே குறித்தார். பின்னர் மழைக்காட்டின் பெரும்பகுதி தோட்டங்களாயிற்று. இச்சாதியின் பெரும்பாலான இனங்களில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. வெட்டியவர்கள் இதை அறிந்திருப்பார்களோ என்னவோ. துண்டாடப்பட்ட காட்டில் ஒரு பெண்மரம் தப்பியிருந்தும், மகரந்தம் வந்துசேரும் தொலைவில் ஆண்மரம் இல்லையாயின், அது பூத்தும் வித்தில்லை.