நோட்டு எழுதுடா

மணவூர்

தங்கமே தணிகைவேலு,

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வரட்டுமா என்று கேட்டாயாமே, உன் அம்மா சொன்னாள். வேண்டாம்டா கண்ணு. திருத்தணி மலையில் அன்றைக்குக் காவடிக் கூட்டம் எப்படி நெரியும் என்று உனக்கே தெரியும். எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கும் உடம்பு, யாரோ இருமினாலும் தாங்காது. உன் காவடியை அப்பா எடுப்பார்.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உனக்கு மாற்றியிருக்கும் சிறுகுடல் அப்படியில்லை. எடுத்த சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். குடல் முழுக்க எதிர்ப்பு அணுக்கள் குவிந்து கிடப்பதால் உடம்பு அதை ஏற்காமல் முரண்டு பிடிப்பதும் அதிகம். போதாததற்கு உள்ளேயே கிருமிகள். ரத்தக்குழாயைத் தைத்துச் சேர்க்கிறார்கள், நரம்பைச் சேர்க்க வழியில்லை. அதனால் கோளாறு என்றால் வலிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே.

சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவே காட்டிக் கொடுத்துவிடும். குடலுக்கு அப்படி நம்பி இருக்க ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. அதற்குத்தான் வயிற்றில் வாய் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் கேமரா விட்டு, துணுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். நீயோ பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கூசுகிறாய். வார்டிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், உன் குடல் பேசுகிற வாய் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளவுக் குவளையில் ஊற்று. எத்தனை மில்லி, என்ன நிறம், மணி என்ன, எல்லாம் நோட்டில் எழுது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரெக்கார்ட் நோட்டு முழுவதையும் எழுதி முடித்த ஆளாச்சே நீ! அந்த வித்தை இங்கே செல்லாது. திடீரென்று தண்ணீராகக் கொட்டினால், நேற்றுக் குழம்பில் காரம் என்று நீயே முடிவு கட்டாமல் உடனே ஃபோன் போடு. வயிறு போனால் எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் ஏறும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதற்காக நீயாக மாத்திரையை நிறுத்தாதே. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் பன்னிரண்டுதான். ரத்தம் எடுக்கிற நாளில் மட்டும், எடுத்த பிறகு காலை மாத்திரை. பம்பளிமாஸ் பக்கமே போகாதே, மருந்தின் அளவைத் தாறுமாறாக்கிவிடும்.

உனக்குக் குடல் கொடுத்த வீடு எது என்று நமக்குத் தெரியாது. 2008-ல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் பெற்றோர் பிள்ளையின் உறுப்புகளைக் கொடுத்தபோது நாடே அழுதது. 2023-லிருந்து அப்படிக் கொடுப்பவர்களை அரசு மரியாதையோடு வழியனுப்புகிறார்கள். எத்தனை மரியாதை செய்தாலும் உனக்குக் கொடுத்த வீட்டுத் தாய்க்கு ஆறுமா? அவளை நினைத்தாவது சோம்பலை விடு.

ஞாயிறுதோறும் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. ஒரு நாள் விட்டிருந்தாலும் கேட்பேன்.

உன் பெரியம்மா