பனியைத் துடைக்கிற பொத்தான்

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டு மலரில் வந்த உன் 'மேலிருந்து திரிங்காப்' படக்கட்டுரையைப் பார்த்தேன். எழுத்துப் பகுதிக்கு வருவதற்குள்ளேயே எரிச்சல் வந்துவிட்டது. ட்ரோனை எப்படி ஏற்றுவது, வெளிச்சம் எப்போது தோதுப்படும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக மூன்றாம் படத்துக்கு வருகிறேன்.

நம் கேமரன் மலையில் கோலா தெர்லா பக்கம் பார்த்து விடியற்காலையில் எடுத்த படம். முன்னால் தேயிலை, நடுவில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், அதற்குப் பின்னால் முகட்டுக்குப் பின் முகடாக மலை. அந்த நேரத்தில் அங்கே பனி இல்லாமல் இருக்குமா? உன் படத்தில் பொட்டுப் பனி இல்லை. காலடியில் நிற்கும் செடியும் கடைசி முகடும் ஒரே பச்சை, ஒரே அழுத்தம். பனியை நீக்கும் 'டீஹேஸ்' பொத்தானைக் கடைக்கோடி வரை இழுத்துவிட்டிருக்கிறாய். படம் 'பளிச்'சென்று இருப்பதாக நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது சுவரில் ஒட்டிய பச்சைத் துணியாகத் தெரிகிறது.

நமக்கு இரண்டு கண் இருப்பதால்தான் ஆழம் தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியோஸ்கோப்பைக் கொண்டு நிரூபித்த சங்கதி அது, பொய்யில்லை. ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவே இருப்பது ஆறேழு சென்டிமீட்டர்தான். கைக்கெட்டும் கொழுந்தைக் கிள்ள அது போதும். சில நூறு மீட்டர் தாண்டினால் இரண்டு கண்ணும் காண்பது ஒரே காட்சிதான். பிரிஞ்சாங் முகட்டைப் பார்க்கும்போது ஒற்றைக் கண்ணனும் நீயும் சமம். அந்தத் தூரத்தில் எது முன்னே, எது பின்னே என்று நமக்குச் சொல்லுவதில் பனிக்குப் பெரிய பங்கு உண்டு. தூரம் கூடக்கூட நிறம் வெளுக்கும், கருமை குறையும். எந்த அளவில் குறையும் என்பதற்கு 1924இலேயே கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுவிட்டார்.

இயந்திரத்துக்கும் இதே கதைதான். 1999இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீ நாயரும் ஸ்ரீநிவாச நரசிம்மனும், மோசமான வானிலையில் எடுத்த படங்களில் மூடுபனியை வைத்தே தூரத்தைக் கணக்கிட முடியும் என்று காட்டினார்கள். பிறகு 2009இல் ஹே கைமிங்கும் அவருடைய தோழர்களும் ஒற்றைப் படத்திலிருந்து பனியை நீக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதில் வேடிக்கையைப் பார்: பனியை நீக்குவதற்கு முன், எந்த இடத்தில் எவ்வளவு பனி என்று அந்த முறை கணக்கெடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒரு தூர வரைபடம். முதலில் ஆழத்தைக் கண்டுபிடிக்கிறது. அப்புறம் அதைத் துடைத்துவிட்டு உன் கையில் கொடுக்கிறது. நீயும் வாங்கி மலரில் அச்சடித்துவிட்டாய்.

இரண்டாவது குறை ஏழாம் படம். செங்குத்தாக மேலிருந்து, கவாத்து வெட்டிய சரிவு. பக்கத்தைப் புரட்டினதும் நிரைகள் பள்ளமாகவும், நடுவில் ஓடும் கான், அதாவது வடிகால், வரப்பு மேடாகவும் தெரிந்தன. மலரைத் தலைகீழாகத் திருப்பினேன். செடி செடியாகிவிட்டது, கான் கானாகிவிட்டது. பக்க அமைப்புக்குப் பொருந்தவேண்டும் என்று படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். நிழல்கள் மேல்நோக்கி விழுகின்றன.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது. வட்டத்தின் மேல்பாதி வெளுத்திருந்தால் புடைப்பு, கீழ்ப்பாதி வெளுத்திருந்தால் குழி. இதில் 'மேல்' என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, உன் உச்சந்தலை இருக்கும் பக்கம். குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தால் குழி புடைப்பாகிவிடும். செய்து பார், யாரும் இல்லாத நேரத்தில்.

இந்த மேடுபள்ளக் கிறுக்கு என் பழைய வியாதி என்பது உனக்குத் தெரியும். இளவயதில் நில அளவையாளர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்தேன். விமானத்திலிருந்து அறுபது விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களை அவர் ஜோடி ஜோடியாக மேசையில் பரப்பி, மேலே கண்ணாடி ஸ்டீரியோஸ்கோப்பை வைத்துக் குனிவார். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். முதலில் இரண்டு மங்கல் படங்கள், தலைவலி. பிறகு சட்டென்று மலை மூக்கில் இடிக்கிற மாதிரி எழுந்தது. விமானம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பறந்த தூரம்தான் அப்போது என் இரண்டு கண்ணுக்கும் இடைவெளி. மேடெல்லாம் உள்ளதைவிட உயரமாகத் தெரியும். நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து, இடது படத்தையும் வலது படத்தையும் மாற்றி வைத்தார் மனுஷர். மலையெல்லாம் பள்ளத்தாக்காகிவிட்டது, ஆறு முகட்டின்மேல் ஓடியது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. (நம் ஊருக்கும் வரைபடத்துக்கும் என்றைக்கும் ராசியில்லை. 1885இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டைப் பார்த்தார், வரைபடத்தில் குறிக்காமலே விட்டார். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வேலை நடந்தது.)

நிழலில் நமக்கென்று ஒரு சிறப்பு இருக்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய நாலரை பாகையில். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். வடக்கை மேலே வைத்து அச்சடித்தால் மலை மலையாகவே தெரியும். டிசம்பரில் அதே சரிவை அதே மாதிரி அச்சடித்தால் குழி. மேலிருந்து படமெடுக்கிறவன் பஞ்சாங்கம் பார்க்கவேண்டும்.

இனி உன் எழுத்து. 'மனிதக் கண் ஊகிக்கிறது, இயந்திரக் கண் அளக்கிறது' என்று போட்டிருக்கிறாய். யார் சொன்னது? உன் மென்பொருளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களில் ஒரே புள்ளியைத் தேடித்தேடிப் பொருத்துகிறது. என் அளவையாளர் மேசையில் செய்த அதே வேலை. பொருத்தம் தவறினால் ஆழமும் தவறும். ஐந்தாம் பக்க மூலையில் நீயே போட்டிருக்கிற முப்பரிமாண மாதிரியைப் பார். தேயிலைச் சரிவு சுத்தமாக வந்திருக்கிறது, பிளாஸ்டிக் கூரைகள் மெழுகு உருகினாற்போல் வழிகின்றன. கூரையின் மினுமினுப்பு ட்ரோன் நகர நகரத் தானும் நகரும். கம்பிச் சட்டங்களோ எல்லாம் ஒரே அச்சு. எதை எதோடு பொருத்துவது என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஒளியை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை எண்ணும் லைடார் கருவி இருந்தால் 'அளக்கிறது' என்று சொல்லலாம். ஒரு மீட்டர் போய்வர ஒளிக்கு ஏழு நானோ விநாடிகூட ஆகாது, அதையும் எண்ணிவிடுகிறது. உன்னிடம் அது இல்லை. இருந்தாலும் நம் பனி அதைப் பாடாய்ப் படுத்தும்.

ஒற்றைப் படத்தைக் கொடுத்தால் ஆழம் சொல்லும் செயலிகளையும் புகழ்ந்திருக்கிறாய். 2019இல் வந்த 'மிடாஸ்' போன்றவை ஆழம் தெரிந்த ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியவை. இது முன்னே, அது பின்னே என்று சொல்லும். எத்தனை மீட்டர் என்று கேட்டால் கையை விரிக்கும். ஊகம்தான், நல்ல ஊகம். உன் கைப்பேசியின் 'போர்ட்ரெய்ட்' வசதியும் ஓரளவுக்கு அதே ரகம். ஒன்பதாம் படத்தில் அந்த அக்காவின் கூடைப் பின்னலில் பாதியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிட்டதே, கவனித்தாயா?

இவ்வளவு திட்டியபிறகு பத்தாம் படம். ட்ரோனை மூட்டைகட்டிவிட்டு, தரையில் நின்று எடுத்திருக்கிறாய். கத்தரித்த தேயிலைப் பரப்பு காலடியில் இலை இலையாக, பத்து எட்டில் செடி செடியாக, அப்புறம் வெறும் புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போகிறது. அதன் முடிவில் பனிக்குள் பாதி போய்விட்ட இரண்டு பேர். பரப்பின் புள்ளிகள் நெருங்குவதை வைத்தே கண் தூரத்தைப் பிடிக்கிறது என்று விமானிகளின் பார்வையை ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்சன் 1950இல் எழுதினார். நீ அவரைப் படித்திருக்க மாட்டாய். படிக்காமலே எடுத்திருக்கிறாய், பாவி. எங்கள் தலைமுறையில் இந்தத் தோட்டங்களை எடுத்த எவனிடமும், என்னையும் சேர்த்துத்தான், இதற்கு ஈடாக ஒரு படம் இல்லை.

அதை மலரின் கடைசிப் பக்கத்தில் தபால் தலை அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். சம்மதித்தது நீதானே? மூலக் கோப்பை எனக்கு அனுப்பு, பெரிதாக அச்செடுக்கிற செலவு என்னுடையது. மூன்றாம் படத்தின் மூலக் கோப்பும் வேண்டும். அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்