உளுந்தில் களைக்கொல்லி தெளிக்கும் நாள்

நமது புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. அங்கு உருவாக்கப்பட்ட வம்பன் 8 முதலிய உளுந்து இரகங்களை அங்கத்தினர் நன்கறிவர். விதை விஷயத்தில் நாம் காட்டும் அக்கறை களை விஷயத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. களைக்கொல்லியின் பெயரையும் விலையையும் விசாரிப்போர் பலர். எந்நாளில் தெளிப்பது என்று விசாரிப்போர் மிகச் சிலர்.

உளுந்து 65 முதல் 75 நாட்களில் முடிந்துவிடும் பயிர். அதில் முதல் 30 நாட்களே அதற்கு ஆபத்தான காலம். சாரணையும் புல்லும் அப்போது முந்திக்கொண்டால், பின்னர் எத்தனை ஆட்களை விட்டுக் களையெடுத்தாலும் குறைந்த மகசூல் குறைந்ததே. பூக்கத் தொடங்கிய பயிருக்குள் இறங்கினால் பூவும் பிஞ்சும் உதிரும்.

விதைத்த 3-ஆம் நாள் தெளிப்பதற்குரியது பென்டிமெத்தலின். இது முளைவிடும் களை விதையின் இளவேரையும் குருத்தையும் வளரவொட்டாமல் தடுப்பது. முளைத்து இலைவிட்ட களையை இது ஒன்றும் செய்யாது. ஆகவே 8-ஆம் நாளிலோ 10-ஆம் நாளிலோ தெளிப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதே ஆகும். கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையும் இதற்கு அடங்குவதில்லை. காய்ந்த மண்ணில் விதைத்து மழைக்குக் காத்திருப்போர், விதை ஊறுமளவு மழை பெய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். மண்ணில் ஈரமில்லையேல் மருந்து வேலை செய்யாது. வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் போகும்.

ஏக்கருக்கு 30 சதவீத மருந்து மானாவாரியில் 1 லிட்டர், இறவையில் 1.3 லிட்டர், தண்ணீர் 200 லிட்டர். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் இது பன்னிரண்டரைத் தொட்டி. மானாவாரிக்குத் தொட்டிக்கு 80 மில்லி ஊற்றினால் கணக்குச் சரியாகும். ஒரு தொட்டி 8 சென்ட் நிலத்தில் தீர வேண்டும். முதலில் வெறுந்தண்ணீரை நிரப்பி 8 சென்டை நடந்து பார்த்து நடையின் வேகத்தைப் பழகிக்கொள்வது நலம். பூச்சி மருந்துக்குரிய மூக்கைக் கழற்றிவிட்டு, விசிறிபோல் விரிந்து விழும் மூக்கைப் பொருத்துக. தெளித்த மண்ணை மிதித்துக் கிளறாதிருக்கப் பின்னோக்கி நடப்பதே முறை. கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தைத் தொடலாகாது.

இத்துடன் 30-ஆம் நாள் ஒரு கைக்களை அவசியம். மருந்தே வேண்டாம் என்போர் 15, 30-ஆம் நாட்களில் இருமுறை களையெடுக்கலாம். ஆள் கிடைக்கும் ஊர்களில் அதைக் குறைவாக மதிக்க மாட்டோம்.

அறந்தாங்கிப் பக்கத்தில் காவிரிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் அறுவடைக்கு முன்பே, நின்ற பயிருக்குள் உளுந்து தெளிப்போர் உளர். அங்கே 3-ஆம் நாள் மருந்துக்கு வழியில்லை. அவர்களுக்கும், மழையால் நாள் தவறியோர்க்கும், 15 முதல் 20 நாட்களுக்குள் களை இரண்டு மூன்று இலையுடன் நிற்கும்போது தெளிக்கும் மருந்துகள் உள்ளன. குயிசலோபாப் ஈத்தைல் புல்லினத்தை மட்டும் கொல்லும். இமாசிதாபைர் அகன்ற இலைக் களைகளையும் அடக்கும். ஏக்கருக்கு முன்னது 5 சதவீத மருந்தில் 400 மில்லி, பின்னது 10 சதவீத மருந்தில் 200 மில்லி. ஊடுபயிராகச் சோளமோ கம்போ நிற்கும் கொல்லையில் குயிசலோபாப்பைக் கொண்டுபோக வேண்டாம், அவையும் புல்லினமே. இமாசிதாபைர் மண்ணில் சில காலம் தங்குவது. அடுத்து விதைக்கும் பயிரை முன்கூட்டியே சொல்லி, வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்க.

இனி, நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய காரியம் ஒன்று. மழை பெய்தால் ஊரே ஒரு நாளில் விதைக்கிறது. ஆகவே 3-ஆம் நாளும் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. இரண்டு தெளிப்பான்களை வைத்துக்கொண்டு இருபது பேர் காத்திருந்தால் கடைசியில் நிற்பவருக்கு 7-ஆம் நாள்தான் முறை வரும். விதை வாங்கும்போதே விதைக்கும் நாளையும் பரப்பையும் சங்க ஏட்டில் எழுதிவைத்து, அதன்படி தெளிப்பானை முறைவைத்துக் கொடுத்தல் வேண்டும். ஒரே நாளில் பலர் குவிந்தால் அண்டைச் சங்கத்தில் இரவல் கேட்கவும் அவகாசம் இருக்கும். நெல்லுக்கு 2,4-டி தெளித்த தொட்டியைச் சோப்புநீர் விட்டுப் பலமுறை கழுவாமல் உளுந்துக்காரர் கையில் கொடுக்கலாகாது. அதில் எஞ்சிய சிறிதளவு மருந்தே உளுந்தின் குருத்தைச் சுருட்டிவிடும். இதற்கென ஒரு தெளிப்பானைத் தனியே ஒதுக்கி, பெயின்டில் அடையாளமிட்டு வைத்தல் சாலச் சிறந்தது.