வெய்யிலும் எமது தோலும்
காப்புக் கிறீமைப் பாவிக்கும் முறை

வெய்யில் எமக்குப் புதிதன்று. வயலிலும் கடலிலும் தோட்டத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்த மக்கள் நாம். "கறுத்த தோலை வெய்யில் என்ன செய்யும்?" என்று கேட்பது எம்மவர் வழக்கம். இன்றோ மருந்துக்கடைகளில் ‘சன்ஸ்கிறீன்’ எனப்படும் வெய்யில் காப்புக் கிறீம்கள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. முகம் வெளுக்கும் என்று நம்பி அவற்றை வாங்குவோர் உளர். வசதி படைத்தோரின் அலங்காரப் பொருள் என்று ஒதுக்குவோரும் உளர். வாங்குவோரிற் பலர் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து முகத்தில் தேய்த்துவிட்டு, நாள் முழுவதும் காப்பு உண்டென எண்ணுகின்றனர். இக்கிறீம் யாருக்குத் தேவை, எவ்வளவு பூச வேண்டும், எப்போது பூச வேண்டும் என்பவற்றைக் குடும்பத்தவர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

வெய்யிலில் மறைந்திருப்பது

சூரிய ஒளியில் எமது கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள் உள்ளன. பூமியை வந்தடைவன இரு வகையின. ‘பி’ வகைக் கதிர்கள் தோலின் மேற்பகுதியைச் சுட்டு எரிவை உண்டாக்குகின்றன. ‘ஏ’ வகைக் கதிர்கள் தோலின் ஆழத்துக்குச் சென்று சுருக்கத்தையும் கருந்திட்டுகளையும் விளைவிக்கின்றன. இவை சாதாரண யன்னல் கண்ணாடியையும் ஊடுருவுவன. இரு வகையும் தோற் கலங்களின் மரபுப் பொருளைச் சிதைக்க வல்லன. அச்சிதைவு ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து வருவதே தோற்புற்றுநோய்க்கு வழிகோலுகின்றது.

இக்கதிர்கள் சூட்டோடு சேர்ந்து வருவனவல்ல என்பதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். கடற்காற்றில் உடல் குளிர்ந்திருக்கும். ஆயினும் கதிர்கள் குறைவதில்லை. மெல்லிய முகிலை அவை பெரும்பாலும் ஊடுருவும். கடலில் அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளவற்றின் நூற்றுக்கு 40 வரை இருக்கும். ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 10 வீதம் அவை கூடும். ஆகவே நுவரெலியாவின் குளிரில் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் இவற்றுக்குத் தப்பியவரல்லர்.

எமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. கதிர்களின் வலிமையை அளக்கும் உலக அளவுகோலில் 11உம் அதற்கு மேலும் ‘மிகக் கடுமை’ எனப்படும். முகிலற்ற நண்பகலில் எமது பகுதிகள் அந்த நிலையை எட்டுவது சாதாரணம். இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்திலும் குறுகியிருந்தால் கதிர்கள் வலிமையாக உள்ளன எனக் கொள்ளுங்கள்.

கறுத்த தோலுக்குக் காப்பு உண்டா?

உண்டு, ஆனால் முழுமையானதன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் பொருள் கதிர்களின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றது. அதனாலேயே வெள்ளை நிறத்தவரிலும் பார்க்க எம்மவரிடையே தோற்புற்றுநோய் மிகக் குறைவு. இருந்தும் வெய்யிலால் வரும் வேறு கேடுகள் எம்மை விட்டபாடில்லை. மங்கு எனப்படும் கன்னக் கருந்திட்டு வெய்யிலால் மோசமாகின்றது. கடற்றொழிலாளரின் கீழுதடு வெடித்துத் தடிக்கின்றது. கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும் நீண்டகால வெய்யிலே முக்கிய காரணமாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. புகழ் பெற்ற யமேக்காப் பாடகர் பொப் மார்லி 1981இல் தமது 36ஆவது வயதிற் காலமானார். கால் விரல் நகத்தின் கீழ்த் தோன்றிய மெலனோமா என்னும் புற்றுநோயே காரணம். கறுத்த தோலுடையோரில் இந்நோய் உள்ளங்கால், உள்ளங்கை, நகம் என்னும் இடங்களிலேயே பெரும்பாலும் தோன்றும். இதற்கும் வெய்யிலுக்கும் தொடர்பில்லை. எந்தக் கிறீமும் இதைத் தடுக்காது. ஆகவே உள்ளங்காலில் புதிதாகப் பரவும் கறுப்புப் புள்ளியையோ, நகத்தின் கீழ் அகன்று வரும் கறுப்புக் கோட்டையோ, நான்கு வாரங்களாகியும் ஆறாத புண்ணையோ கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

கிறீம் பயன் தரும் என்பதற்குச் சான்று

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்றோர் ஊர் உண்டு. அங்கு 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பகுதியினர் நாள்தோறும் காலையில் தலை, கழுத்து, கைகள் ஆகியவற்றிற் காப்புக் கிறீம் பூசினர். மற்றையோர் தம் வழக்கப்படி நடந்துகொண்டனர். நாள்தோறும் பூசியோரிடத்தில் தோற்புற்றுநோயின் ஒரு வகை ஏறக்குறைய நூற்றுக்கு 40 வீதம் குறைந்திருந்தது. ஆய்வு முடிந்து பத்தாண்டுகளின் பின் பார்த்தபோது மெலனோமாவும் அரைவாசியாகக் குறைந்திருந்தமை 2011இல் வெளியிடப்பட்டது. இது பெரும்பாலும் வெள்ளை நிறத்தவர் மத்தியில் நடந்த ஆய்வாகையால் அதே கணக்கை எமக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. எப்போதாவது பூசியவரல்லர், நாள் தவறாது பூசியவரே பயன் பெற்றனர்.

போத்தலில் உள்ள எண்

கிறீம் போத்தலில் ‘எஸ்.பி.எப்.’ என்ற எழுத்துகளுடன் ஓர் எண் காணப்படும். தோல் எரிந்து சிவப்பதை அக்கிறீம் எவ்வளவுக்குத் தடுக்கும் என்பதை அது குறிக்கின்றது. 15 எண்ணுள்ளது எரிக்கும் கதிர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 93 பங்கையும், 30 எண்ணுள்ளது 97 பங்கையும், 50 எண்ணுள்ளது 98 பங்கையும் தடுக்கும். 30க்கும் 50க்கும் இடையில் விலை வேறுபடும் அளவுக்குப் பயன் வேறுபடுவதில்லை. குறைந்தது 30 எண்ணுள்ளதாகவும், ‘ஏ’, ‘பி’ ஆகிய இரு வகைக் கதிர்களையும் தடுப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். காலாவதித் திகதியையும் கவனியுங்கள்.

இந்த எண் ஆய்வுகூடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடிப்பாகப் பூசிக் கணிக்கப்படுகின்றது. பெரும்பாலானோர் பூசுவது அதில் அரைவாசியும் இல்லை. அப்படியானால் 30 என்று எழுதப்பட்ட காப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

எவ்வளவு, எப்போது?

தேநீருக்குச் சீனி போடும் சிறு கரண்டியை அளவாகக் கொள்ளுங்கள். முகம், காது, கழுத்து ஆகியவற்றுக்கு ஒரு கரண்டி. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொன்று. உடலின் முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று. வளர்ந்த ஒருவருக்கு மொத்தம் ஏழு கரண்டி, அதாவது ஏறக்குறைய 35 மில்லிலீற்றர்.

வெளியே செல்வதற்குக் கால் மணித்தியாலத்துக்கு முன்னரே பூச வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மீண்டும் பூச வேண்டும். குளித்தாலோ, வியர்வையைத் துவாயாற் துடைத்தாலோ உடனே மறுபடி பூசுவது அவசியம். ‘நீர் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தாலும் இந்த விதி மாறாது. காது மடல், பிடரி, புறங்கை, புறங்கால், உதடு ஆகியன பலர் மறந்துவிடும் இடங்கள். நுளம்புக்குப் பூசும் மருந்தும் தேவையாயின், முதலில் வெய்யிற் கிறீம், அது காய்ந்த பின் நுளம்பு மருந்து. போத்தலை மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வெய்யிலில் நிற்கும் வாகனத்திலோ வைத்தால் மருந்து பழுதாகும்.

விலை என்னும் கேள்வி

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். 50 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குழாய், உடல் முழுவதும் பூசுவதாயின் ஒருவருக்கு இரண்டு தடவைக்கும் போதாது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் இதைத் தாங்குமா? தாங்காது. தாங்க வேண்டியதும் இல்லை. துணி மூடக்கூடிய இடத்தைத் துணியால் மூடி, மூட முடியாத இடத்துக்கு மட்டும் கிறீமை ஒதுக்கினால் அதே குழாய் முகத்துக்கும் கழுத்துக்கும் பத்துத் தடவை வரும். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பி, குடை, மர நிழல் என்பனவே முதற் காப்பு. இவற்றை இரண்டு மணிக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டியதில்லை. நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி மட்டும் கதிர்களை எளிதில் உள்ளே விட்டுவிடும்.

பணம் குறைவாயின் கிறீம் யாருக்கு முதலில்? பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமின்றிப் பிறந்த பிள்ளைக்கே முதலிடம். மெலனின் இல்லாத அத்தோலுக்கு இயற்கைக் காப்பு எதுவுமில்லை. காப்பின்றி வளர்ந்தால் இளவயதிலேயே தோற்புற்றுநோய் வரக்கூடும். அப்பிள்ளைக்கு இது அலங்காரமன்று, மருந்து. வெண்புள்ளி உள்ளோர், ‘லூபஸ்’ நோயாளர், வெய்யிலில் தடிப்பு ஏற்படுவோர் ஆகியோர் அடுத்த இடத்தில் வருவர். அதன் பின்னர் கடலிலும் வயலிலும் உழைப்போரின் முகமும் உதடும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கமக்காரருக்கு வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் மாத்திரை, தோலை வெய்யிலுக்கு எளிதில் எரியச் செய்யக்கூடியது. இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கும். மாத்திரை எடுக்கும் காலத்தில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிந்து வயலில் இறங்குங்கள்.

பிள்ளைகளும் பெற்றோரும்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிறீம் வேண்டாம். நிழலும் துணியுமே போதும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை மைதானத்தில் நிற்கின்றனர். ஆசிரியர்கள் பயிற்சியை முற்பகல் பத்து மணிக்கு முன்னரோ பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னரோ வைத்தால் செலவின்றியே பெரும் காப்புக் கிடைக்கும். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்வோரும் குடையையும் தொப்பியையும் தண்ணீரையும் மறவாதிருப்பார்களாக. அந்நாட்களில் சூரியன் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்கின்றது.

தேங்காயெண்ணெயும் சந்தனமும் மஞ்சளும் காப்புக் கிறீமுக்கு ஈடாகமாட்டா. முகத்தை வெளுக்கச் செய்யும் என்று விற்கப்படும் கிறீம்கள் வேறு, இவை வேறு. அவற்றுட் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் எழுதப்படாத எதையும் வாங்காதீர்கள்.

கறுப்பு நிறம் வெட்கத்துக்குரியதன்று. அது எமது முதற் காப்பு. அதை அழிக்க முயல்வதை விட்டு, அது தடுக்க முடியாததை நிழலாலும் துணியாலும், தேவைப்படுவோருக்குப் போதிய அளவு பூசிய கிறீமாலும் தடுப்பதே அறிவுடைமை. இந்த வாரமே வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் உதட்டையும் உள்ளங்காலையும் நகங்களையும் ஒரு தடவை பாருங்கள். நிறமின்றிப் பிறந்த பிள்ளை உங்கள் அயலில் இருந்தால், அப்பிள்ளையின் பெற்றோரிடம் இக்கட்டுரையை வாசிக்கக் கொடுங்கள்.