பீரோவில் திருப்பி ஒட்டிய அட்டை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆலய வாசலில் ஒரு தாம்பாளம் இருக்கும். அதில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியிருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை எழுதுகிறவளின் மகன் ஒரு வருடம் எடுத்த அட்டையில் சுகம் தருவதைப் பற்றிய வசனம் இருந்தது. பையனுக்கு 8 வயது. வீட்டில் அவனுடைய ஆச்சி, சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அட்டையை வாங்கிப் பார்த்த அம்மா அந்த இடத்திலேயே மகனைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "பாத்தியா, இயேசப்பாவே சொல்லிட்டாரு. ஆச்சிக்குச் சரியாயிரும். நீ மட்டும் விடாம ஜெபம் பண்ணு."

இவ்வளவுதான் சொன்னது. இதைச் சரிசெய்ய அந்த வீட்டுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

பையன் அட்டையை ஸ்டீல் பீரோவின் கதவில், தன் கண் உயரத்தில், செலோடேப் போட்டு ஒட்டினான். பக்கத்தில் தொங்கிய மாதக் காலண்டரில், ஜெபம் பண்ணிய ஒவ்வொரு நாளுக்கும் சிவப்புப் பேனாவால் ஒரு சிலுவைக் குறி. ஜூன் 10 வரை 161 குறிகள். 11-ஆம் தேதி விடியற்காலையில் ஆச்சி போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். யாரோ காபி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பீரோவுக்குப் போனான். அட்டையை நகத்தால் மெதுவாகப் பெயர்த்தான். எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி, அதே டேப்பால் மறுபடியும் ஒட்டினான். டேப்பில் பசை போயிருந்தது. ஒட்டும் வரைக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. அன்றைக்கு ராத்திரி படுக்கையில்தான் கேட்டான்: "நான் ஒருநாள்கூட விடலயேம்மா."

அம்மாவுக்கு அப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கர்த்தருடைய சித்தம் என்றாள், ஆச்சி பரலோகத்தில் வலியில்லாமல் இருக்கிறார் என்றாள். இரண்டையும் அவள் நம்புகிறாள், இன்றும் நம்புகிறாள். ஆனால் பிள்ளை கேட்டது ஆச்சி எங்கே இருக்கிறார் என்று அல்ல. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்றுதான் கேட்டான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அதற்கு முந்தைய நவம்பரிலேயே டாக்டர் அவளையும் அவள் கணவரையும் தனியாக உட்காரவைத்து, இருதயமும் தளர்ந்துவிட்டது, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும்தான் மகனிடம் அப்படிப் பேசினாள். அவளுக்குத் தெம்பு தேவைப்பட்டது. அதை எட்டு வயதுப் பிள்ளையின் விசுவாசத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். கடவுள் சொல்லாத ஒன்றைக் கடவுள் பெயரில் அவனுக்கு வாக்குக் கொடுத்தாள். பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க நினைக்கும் பெற்றோர் வேறு எதில் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். இதில் மட்டும் தவறக் கூடாது என்று அடித்துச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்த ஒரு ஊழியக்காரர், "வீட்டில் விசுவாசம் குறைவுபட்டிருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். பையன் கதவோரம் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை, அம்மாவும் கவனிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, கணக்கு நோட்டை மூடிவிட்டு அவன் கேட்டான்: "மார்ச்ல எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அன்னிக்குப் படுத்துக்கிட்டே ஜெபம் பண்ணேன். முழங்கால் போடல. அதனாலயாம்மா?" அந்தப் பெரியவர் மேல் உள்ள கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. துக்க வீட்டில் பேச வருகிறவர்களைப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள். கோயில் மூப்பரானாலும் சரி, சொந்த அண்ணனானாலும் சரி.

பின்னே பிள்ளையிடம் என்னதான் சொல்வது? இதைச் சொல்லலாம்: "ஆச்சிக்குச் சுகம் வேணும்னு கேப்போம். கிடைக்குமான்னு அம்மாவுக்குத் தெரியாது. டாக்டர் கஷ்டம்னு சொல்லியிருக்காரு. எது நடந்தாலும் ஆண்டவர் நம்மள விட்டுட்டுப் போகமாட்டாரு, அத அம்மா நம்புறேன்." எட்டு வயதுக்கு இது புரியும். புரியாது என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

அடக்கம் முடிந்த அடுத்த வாரமே ஞாயிறு பள்ளி ஆசிரியை பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஏமி கார்மைக்கேல் கதையைச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். 1867-இல் வட அயர்லாந்தில் பிறந்த ஏமி, சின்னக் குழந்தையாக இருக்கும்போது தனக்கு நீலக் கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தாள், காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, நம் நெல்லைச் சீமையில் டோனாவூரில் தங்கி, கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளைக் காப்பாற்ற முனைந்தபோது, உடம்பில் நிறம் பூசிச் சேலை கட்டி வெளியே போக அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்பார்கள். வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருக்கும் கதை இது.

பையன் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அவங்களுக்குக் கண்ணுதான டீச்சர் கிடைக்கல."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நாம் அந்தக் கதையின் கடைசிப் பகுதிக்கு ஓடிவிடுகிறோம். கேட்டது கிடைக்காத அந்தக் காலையிலிருந்து டோனாவூர் வரைக்கும் முப்பது வருடம் இருக்கிறது. அத்தனை வருடமும் ஏமிக்குக் காரணம் எதுவும் தெரியாது. 1951-இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. கடைசி இருபது வருடத்தில் பெரும்பகுதி கீழே விழுந்ததில் பட்ட அடியால் அறைக்குள்ளேயே கழிந்தது. டோனாவூரில் அவர் கல்லறைக்குக் கல் கிடையாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அம்மா மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பதில் ஒன்றும் சொல்லாமல் சும்மா நிற்கவைத்தாள். கதை சொல்லித் தேற்றியதைவிட அது அவனுக்குப் பிடித்திருந்தது.

வேதாகமத்தையே நாம் பிள்ளைகளுக்குப் பாதிதான் சொல்லிக்கொடுக்கிறோம். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அக்கினிச் சூளையிலிருந்து கருகாமல் வந்ததை ஃபிளானல் போர்டில் ஒட்டிக் காட்டுகிறோம். தேவன் தங்களைத் தப்புவிக்காமல் போனாலும் சிலையை வணங்கப்போவதில்லை என்று அவர்கள் ராஜாவிடம் முன்பே சொன்ன இடத்தில் நிற்பதில்லை. 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் தாவீது, சாகக் கிடக்கும் குழந்தைக்காகத் தரையில் விழுந்து கிடந்து உபவாசம் பண்ணுகிறான். ஏழாம் நாள் குழந்தை இறந்துவிடுகிறது. ராஜாவிடம் போய்ச் சொல்ல வேலைக்காரர்களுக்குப் பயம். பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டான், எடுக்கப்படவில்லை. கெத்செமனேயில் இயேசு கேட்டதும் அப்படியே. இவ்வளவும் நம் வீட்டு மேஜை மேல் இருக்கிற புத்தகத்தில் இருக்கும்போது, கேட்டால் கிடைக்கும் என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவைத்தது யார் குற்றம்?

அவள் வீட்டில் திருப்பம் வந்தது ஒரு சங்கீதத்தால். பையனுக்குப் பத்து வயது. குடும்ப ஜெபத்தில் உட்காருவான், வாயைத் திறக்கமாட்டான். ஒருநாள் வரிசைப்படி 88-ஆம் சங்கீதம் வந்தது. 150 சங்கீதங்களில் இவ்வளவு இருட்டானது வேறு இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ வந்து நிற்கும். இது இருளிலேயே முடிந்துவிடும். அப்பா வாசித்து முடித்ததும் பையன் கேட்டான், "அவ்வளவுதானா? அடுத்தது இல்லையா?" இல்லை என்றார். "இப்படிக் கடவுள்கிட்ட பேசலாமா?" பேசியிருக்கிறார்களே, பைபிளிலேயே போட்டிருக்கிறதே என்றார். அன்றைக்கு அவன் ஜெபித்தான், இரண்டு வருடத்துக்குப் பிறகு. கண்ணை மூடாமல், கோபமாக, "நீர் எங்க ஆச்சியை ஏன் எடுத்தீர்னு எனக்குத் தெரியல" என்று. ஆமென் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுவே பெரிய ஜெபமாக இருந்தது. பிள்ளை கடவுளிடம் கோபித்துக்கொள்ளும்போது வாயைப் பொத்தாதீர்கள். கோபித்துக்கொள்கிறவன் இன்னும் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான்.

மற்றக் காரியங்கள் எல்லாம் உங்கள் வீட்டில் நடப்பவைதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு பத்து நிமிடம் குடும்ப ஜெபம், நீட்டி முழக்க வேண்டாம். ஒரு கீர்த்தனை, ஆளுக்கு ஒரு வசனம். காணிக்கையைப் பிள்ளையின் கையால் போடவைப்பது, அதுவும் அவனுக்குக் கிடைத்த காசிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷன் வைக்கும் மாஸ்டரிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது. "பொய் சொன்னா இயேசப்பா அடிப்பாரு" என்ற பேச்சை வீட்டை விட்டே எடுத்துவிடுவது.

ஞாயிறு பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு ஒன்று நம்மிடம் இருக்கிறது. ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தில் குளஸ்டர் நகரத்தில் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து வாசிப்புச் சொல்லிக்கொடுக்க. ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. வீட்டில் தாயும் தகப்பனும் செய்ய வேண்டியதை எடுத்துச் செய்வதற்காக அது வந்ததல்ல. பவுல் தீமோத்தேயுவுக்கு அவன் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான்.

பையனுக்குப் பதினான்கு வயதானபோது திடப்படுத்தல் வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். "நம்பிட்டேன்னு பொய் சொல்ல முடியாதும்மா, கொஞ்சம் பொறு" என்றான். வீட்டுக்காரர் பக்கத்து மதினி ஒருவர், சபையில் தலைகாட்ட முடியவில்லை என்று ஊரெல்லாம் பேசினார். தம்பி பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது இவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதா என்றார். அம்மா வற்புறுத்தவில்லை. அன்றைக்கு வற்புறுத்தியிருந்தால் அவன் போய் மண்டியிட்டிருப்பான், அதோடு கதை முடிந்திருக்கும். குருவானவர் ஐயரும் "வரும்போது வரட்டும், கதவு திறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அந்தக் குடும்பம் தினமும் ஜெபத்தில் நினைக்கிறது.

காத்திருக்கும் தாய்மார்கள் மோனிக்காவைப் பற்றி வாசிக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் மகன் அகஸ்டின் விசுவாசத்தைவிட்டு விலகி அலைந்தான். 383-இல் அவன் ரோமாபுரிக்குக் கப்பலேறப் போகிறான் என்று தெரிந்ததும், போகக் கூடாதென்று துறைமுகத்துக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் ராத்திரி முழுவதும் அழுது ஜெபித்தாள். அவன் அவளிடம் பொய் சொல்லிவிட்டு அதே ராத்திரியில் போய்விட்டான். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனால் இத்தாலிக்குப் போனதால்தான் மிலானில் அம்புரோஸைச் சந்தித்தான், 387-இல் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றான். அதே வருடம் மோனிக்கா இறந்தாள். அவள் உயிரோடிருந்து பார்த்தாள். பார்க்காமல் போன தாய்மார்களும் உண்டு, அவர்கள் ஜெபத்தைக் குறைத்து எடைபோட யாருக்கும் உரிமை இல்லை.

ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னாவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, விட்டுவிட ஒன்றும் இருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, அதில் பலரைச் சிசுவிலேயே பறிகொடுத்தவர். குழந்தைகளை ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அது நமக்கு வேண்டாம். ஆனால் வாரத்தில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். வியாழக்கிழமை ஜானுக்கு. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருக்கும்போதும் ஜான் அந்த வியாழக்கிழமையை நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

அதைப் படித்த பிறகு இந்த வீட்டில் சனிக்கிழமை ராத்திரி மகனுக்கு என்று ஆயிற்று. மொட்டைமாடியில், போன் இல்லாமல். முதல் ஆறு மாதம் கிரிக்கெட்டைத் தவிர அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மா கிரிக்கெட்டைக் கேட்டாள். அவனுடைய பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை அவள்தான் ஆரம்பித்தாள்: அந்த நவம்பரில் டாக்டர் சொன்னதை, தெரிந்துகொண்டே தான் அப்படிச் சொன்னதை. மன்னிப்புக் கேட்டாள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தார். போகவில்லை. பையன் ரொம்ப நேரம் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றான். "நான் அவர்தான் பொய் சொன்னாருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

அடுத்த வருடம் திடப்படுத்தலுக்கு அவனே பெயர் கொடுத்தான். அன்றைக்கு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டது அப்பா.

இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான். சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வரும். சில வாரம் ஆலயத்துக்குப் போகவில்லை என்று சொல்வான், ஏன் என்று அவள் கேட்பதில்லை, அவனாகச் சொல்வான். பீரோவில் அட்டை இல்லை, டேப் ஒட்டிய இடத்தில் பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கிறது. போன பொங்கல் லீவில் ஆச்சியின் பழைய பைபிளைத் துடைத்து வைக்கும்போது அது கிடைத்தது, 88-ஆம் சங்கீதத்தில், எழுத்து மேலே தெரியும்படி. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. பைபிளை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.