உழவும் உயிரோம்பலும்

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊர்ச் சினாலயத்தில் சிறுவர்களுக்கு அறநெறி வகுப்பு நடைபெற்றது. கொல்லாமை அணுவிரதத்தை விளக்கிக்கொண்டிருந்த நாளில் ஒரு சிறுவன் எழுந்து, "நம் வயலில் மருந்து அடிக்கிறார்களே, அது எந்த இம்சையில் சேரும்?" என்று வினவினான். உழவு நம் பிழைப்புக்குரிய தொழில். தொழில் பற்றி நேரும் இம்சை உத்தியோக இம்சை எனப்படும். அது இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதது என்று விடை கூறினோம். அவன் அமரவில்லை. "அந்த மருந்தின் பெயரே பூச்சிக்கொல்லி என்பதுதானே? கொல்வதற்கென்றே அடித்தால் அது சங்கற்ப இம்சை ஆகாதா?" என்றான். எமக்கு அப்போது விடை தோன்றவில்லை. அதன்பின் யாம் நூல்களைப் பார்த்தும், உழுகின்றவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

உழவு நமக்குப் புதிய தொழிலன்று. கருமபூமியின் தொடக்கத்தில் ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்தருளிய ஆறு தொழில்களில் வாளுக்கும் எழுத்துக்கும் அடுத்து உழவே வைத்து எண்ணப்படுகிறது என ஆதிபுராணம் கூறும். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் நிலத்தை நம்பியே வாழ்ந்து வந்தவை. வடநாட்டுச் சுவேதாம்பர ஆசாரியரான ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் சாவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைத் தொகுத்துள்ளார். அவற்றுள் நிலத்தைப் பிளக்கும் தொழிலும் ஒன்று. அங்கே பலர் வாணிகத்தை நாடியதற்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்வர். நாம் அவ்வழியில் செல்லவில்லை. ஆயினும் அதே பட்டியலில் நஞ்சு விற்றல், ஏரி குளங்களை வற்றச் செய்தல், காட்டிற்குத் தீயிடல் ஆகியவையும் இடம்பெற்றிருக்கின்றன. உழவை மேற்கொண்ட நாம், அந்த மூன்றும் இன்று உழவுக்குள்ளேயே புகுந்துவிட்டதைக் கவனிக்கத் தவறிவிட்டோமோ என்ற ஐயம் எமக்கு உண்டு.

இனிச் சிறுவனின் வினாவிற்கு வருவோம். இம்சையை நான்காகப் பகுப்பர். வீட்டுவேலையில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது நேர்வது விரோதி இம்சை. கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்வது சங்கற்ப இம்சை. இல்லறத்தான் முதல் மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும். நான்காவதை, இயங்கும் உயிர்கள் வகையில், அறவே விட வேண்டும். ஏர் ஓடும்போது மண்புழு மடிகிறது. மண்புழு மடிய வேண்டும் என்று எவரும் ஏர் பூட்டுவதில்லை. மடியாதிருந்தால் உழவனுக்கே நன்மை. மருந்து தெளிப்பதோ உயிர் மடிய வேண்டும் என்பதற்காகவே. பயிரைத் தின்ன வந்த பகையிடமிருந்து பயிரைக் காக்கிறோம், ஆகவே இது விரோதி இம்சை என்று வாதிக்கலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே கொள்வோம். அப்போதும் படை எடுத்து வந்தவனை எதிர்க்கலாமே அன்றி, அவன் ஊரையும் அயலூரையும் சேர்த்துக் கொளுத்த அது இடந்தராது. தெளித்த நஞ்சிற்குப் பகை எது, உறவு எது என்பது தெரியாது. பயிரைத் தொடாத சிலந்தி, தும்பி, பொறிவண்டு, தேனீ, தவளை ஆகிய எல்லாம் அதில் மடிகின்றன.

இவ்வாறு மடிவனவற்றுள் பல, நம் பயிருக்குக் காவலாய் இருந்தவை. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைச் சிலந்திகள் பிடித்துத் தின்னும். அதன் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் உண்டு. மருந்தடித்தவுடன் இவை ஒழிந்துபோகின்றன. தண்டுக்குள் மறைந்திருக்கும் புகையான் முட்டைகளோ தப்பிப் பொரிந்து, தடுப்பார் இன்றிப் பெருகுகின்றன. இந்தோனேசிய நாடு இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்கே அரசே மானியம் கொடுத்து மருந்தடிக்கச் செய்தும் புகையான் அடங்கவில்லை. மேலும் மேலும் பரவியது. 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிபர் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. வயலில் எந்தப் பூச்சி பகை, எது துணை என்று கண்டறிய உழவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. நெல் விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. அவர்கள் அதை அகிம்சை என்று கருதிச் செய்யவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தார்கள்.

வரப்போடு நில்லாத மற்றொரு தொடர்பையும் காண வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள வேடந்தாங்கலை நம்மில் பலர் கண்டிருப்போம். தாங்கல் என்பது சிற்றேரி. வேடர் பெயரால் வழங்கும் ஏரி பறவைகளுக்கு அடைக்கலமானது வியப்புக்குரியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில், நீரினுள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள் மூக்கனும், நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவை இரைதேடுவது அந்த ஓர் ஏரியில் மட்டும் அன்று. சுற்றிலும் உள்ள ஏரிகளிலும் நன்செய் வயல்களிலும் சென்று தேடுகின்றன. நத்தை, மீன், நண்டு, புழு எனத் தின்று மாலையில் கூடு திரும்புகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமாகவே பாய்கிறது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த சத்தைச் சேர்த்துக் கொண்டுவந்து தருகின்ற வேலையாட்கள் அப்பறவைகள் என்று அவ்வூரார் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர் என்றும், 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூராருக்கே அளித்துக் கௌல் எழுதிக் கொடுத்தார் என்றும் வரலாறு கூறுகிறது. அரசு சரணாலயமாக ஏற்றது 1936 இல். ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது 2022 இல். சட்டம் வருமுன்பே வயலை முன்னிட்டு ஊர் காத்தது. (பறவை நத்தையைத் தின்பது இம்சை அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். அது அவ்வுயிரின் வினை, நாம் செய்வித்ததன்று.)

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பகவான் மகாவீரர் முத்தி எய்திய அத்திருநாளில் நம் தெருக்களில் எழும் ஓசையை எண்ணி நாணுகிறோம்.

ஆகவே ஒரு வயலில் தெளித்த நஞ்சு அந்த வயலோடு முடிவதில்லை. மழை நீரோடு வடிந்து கீழேரிக்குச் செல்கிறது; நத்தைக்குள் சென்று நாரைக்குள் செல்கிறது. ஆசாரியர்கள் அநர்த்த தண்டங்களைக் கூறுமிடத்து, நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுப்பதை இம்சாதானம் என்றும், பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாத சரியை என்றும் வகுத்தனர். இலவச மின்சாரம் என்பதால் மோட்டாரை ஓடவிட்டு வீட்டில் உறங்குவது பின்னதிற் சேரும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இங்கே நாம் தப்ப முடியாத இடம் ஒன்று உண்டு. நம் குடும்பங்களில் இன்று தாமே உழுகின்றவர் குறைவு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கின்றனர். நிலம் குத்தகையில் இருக்கிறது. "மருந்தடிப்பது குத்தகைக்காரர், நாம் அடிப்பதில்லை" என்று ஆறுதல் கொள்கிறோம். இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் கொல்லாமை விரதத்தைக் கூறும்போது, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் விலக்கச் சொல்கிறார். குத்தகை நெல்லைப் பெற்றுக்கொண்டு மருந்தைப் பற்றிக் கேளாதிருப்பது உடன்படுதலே.

எம் குடும்பத்திற்குச் சம்பா விளையும் சிறு நிலம் ஒன்று உண்டு. அதனை உழுபவரிடம் சென்று, மருந்து இன்றிப் பயிர் செய்யலாகாதா என்று கேட்டோம். அவர் சொன்னது: "நயினாரே, விளைச்சல் குறைந்தாலும் உங்கள் குத்தகை குறையாது. எனக்குத்தான் குறையும். நான் எதை நம்பி விடுவது?" விரதம் நம்முடையது, இழப்பு அவருடையது என்று வைத்தால் அது அறமாகாது. மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் விரதத்தைத் தொடாமல் முதல் விரதத்தை மட்டும் காக்க முடியாது என்பது எமக்கு அன்று விளங்கிற்று. விளைச்சல் குறையும் அளவிற்குக் குத்தகை நெல்லும் குறைத்துக்கொள்ளப்படும் என்று ஒப்புக்கொண்ட பின்னரே அவர் இசைந்தார்.

அவர் செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். யூரியாவைக் குறைத்தார், தழைச்சத்து மிகுந்து கறுத்துச் செழித்த பயிரைத்தான் புகையான் நாடும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டதால் தூர்களில் வெயிலும் காற்றும் பட்டன. நீரைத் தேக்கியே வைக்காமல் இடையிடையே வடித்துக் காயவிட்டார். பறவைகள் வந்து அமர ஆங்காங்கே குச்சிகள் நட்டார். வேப்பங்கொட்டைக் கரைசல் ஒருமுறை தெளித்தார். அது பெரும்பாலும் பூச்சியைத் தின்னவிடாமல் விலக்குவது. ஆயினும் புழு தோலுரிப்பதையும் அது தடுப்பதால், அதனை முழு அகிம்சை என்று சொல்லிக்கொள்ள மாட்டோம்.

முதற் போகத்தில் விளைச்சல் குறைந்தது; சொன்னபடி குத்தகையைக் குறைத்துப் பெற்றோம். இரண்டாம் ஆண்டில் இலைச்சுருட்டுப் புழு மிகுந்தபோது அவர் எம்மிடம் கூறாமல் ஒருமுறை மருந்தடித்துவிட்டார். அறுவடை முடிந்த பின் அவரே வந்து அதைச் சொன்னார். மகள் கல்லூரிக் கட்டணத்திற்குத் தவணை நெருங்கியிருந்ததாம். நாம் முன்கூட்டியே கேட்டிருந்தால் கொஞ்சம் பணம் கொடுத்திருக்கலாம். வரும் போகத்தில் நாற்று விடும்போதே அவருடைய செலவுக் கணக்கைச் சேர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.